பெட்டி திறந்த பிறகு மருந்துக்கு என்ன வயது?

மருந்துப் பெட்டியில் அச்சிட்டிருக்கும் காலாவதித் திகதிக்கு ஒரு நிபந்தனை உண்டு. திறக்காத போத்தல், கிழிக்காத தகடு, பெட்டியின் பக்கவாட்டில் பொடி எழுத்தில் போட்டிருக்கும் வெப்பநிலை ஆகிய மூன்றும் இருக்கும்வரைதான் அந்தத் திகதி செல்லும். ஆயிரம் குளிசை கொண்ட கொள்கலனைத் திறந்து, அறுபதை எண்ணி, சின்னக் கடதாசி உறையில் போட்டு, மேலே பேனையால் ‘காலை 1, இரவு 1’ என்று எழுதிக் கொடுத்ததும் நிபந்தனை முறிந்துவிடுகிறது. அதன்பின் அந்தக் குளிசை எத்தனை நாள் தாங்கும் என்பதைப் பெட்டித் திகதி சொல்லாது.

இலங்கையின் அரச வைத்தியசாலைகளில் மாதாந்தக் கிளினிக்குக்குப் போகிறவர்களுக்கு இந்த உறை நன்கு பழக்கம். திருகோணமலை நகரிலிருந்து நிலாவெளி வீதியில் உப்புவெளியைத் தாண்டினால் வரும் சாம்பல்தீவில் பிறசர், சீனி வருத்தம், இருதய வருத்தம் என்று ஏதோ ஒன்றுக்கான உறை இல்லாத வீட்டைத் தேடத்தான் வேண்டும். ஊரின் ஒருபுறம் கடல், மறுபுறம் களப்பு. மே தொடங்கிச் செப்டெம்பர் வரை சோளகம் வீசும் மாதங்களில் பகல் வெப்பம் 35 பாகை செல்சியசைத் தொடும் நாட்கள் வழமை. தகரக் கூரையின் கீழ் அது இன்னும் ஏறும். ஐப்பசி, கார்த்திகையில் மாரி தொடங்கினால் சூடு தணியும், ஆனால் காற்றில் ஈரம் ஏறிக்கொள்ளும். உறையோ குசினித் தட்டிலோ, குளிர்சாதனப் பெட்டியின் மேலேயோ, யன்னல் விளிம்பிலோ இருக்கும்.

மருந்து கொடுக்கும் யன்னலடியில் அடிக்கடி இப்படி ஒரு பேச்சு நடக்கும்.

“தம்பி, போன மாசம் தந்த குளிசையில கொஞ்சம் மிச்சம் கிடக்கு. நிறம் மங்கிப்போச்சு. போடலாமோ?”

“அதை விடுங்கோ அம்மா, புதுசாத் தாறன்.”

பதில் சரியானது. ஆனால் அந்தக் குளிசைக்கு உள்ளே என்ன நடந்தது? நிறம் மங்காமல் இருந்திருந்தால் நம்பிப் போடலாமா? இந்தக் கேள்விகளுக்கு விடை காண மருந்துத்துறை ஒரு கடுமையான வழியை வைத்திருக்கிறது. நல்ல மருந்தை வேண்டுமென்றே கெடுத்துப் பார்ப்பது. வலிந்து சிதைத்தல் என்பார்கள்.

அதற்கு முன் அஸ்பிரினை ஒரு முறை பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். இங்கே இருதய நோயாளர் பலர் நாளாந்தம் போடும் குளிசை அது. சலிசிலிக் அமிலத்தோடு ஓர் அசற்றைல் கூட்டம் எஸ்தர் பிணைப்பால் சேர்ந்திருப்பதுதான் அஸ்பிரின் மூலக்கூறு. அந்தப் பிணைப்பை நீர் வெட்டும். காற்றிலுள்ள ஈரமே அதற்குப் போதும். வெட்டுப்பட்டதும் ஒரு பக்கம் சலிசிலிக் அமிலம், மறு பக்கம் வினாகிரியில் இருக்கும் அதே அசற்றிக் அமிலம். பழைய அஸ்பிரின் உறையை விரித்து முகர்ந்தால் மூக்கில் ஏறும் புளிப்பு வாசனை இதுதான். உயர்தரத்தில் இரசாயனவியல் படித்தவர்கள் அடுத்த படியையும் அறிவார்கள். குளிசையைப் பொடித்து மதுசாரத்தில் கலக்கி ஒரு துளி பெரிக் குளோரைட்டுக் கரைசல் விட்டால், உடைந்த அஸ்பிரினில் ஊதா நிறம் எழும். உடையாத அஸ்பிரினில் பீனோல் கூட்டம் மூடியிருப்பதால் அந்த நிறம் வராது. மேற்பூச்சில்லாத அஸ்பிரின் குளிசையில் தனித்த சலிசிலிக் அமிலம் 0.3 வீதத்துக்கு மேல் இருக்கக்கூடாது என்பது அமெரிக்க மருந்தியல் தரநூலின் வரம்பு.

அஸ்பிரின் தன் கேட்டைத் தானே மணத்தால் காட்டிக்கொடுத்துவிடுகிறது. மற்ற மருந்துகளில் பெரும்பாலானவை மணமும் நிறமும் மாறாமலே உடையக்கூடியவை. ஆகவே ஒரு மருந்து எந்த வழியில் உடையும், உடைந்தால் என்னவாக மாறும் என்பதை, அது நோயாளியின் கைக்குப் போகுமுன் ஆய்வுகூடத்திலேயே அறிந்துகொள்ள வேண்டும். அமிலத்தில் கரைத்துச் சூடாக்குவார்கள். காரத்தில் கரைத்துச் சூடாக்குவார்கள். ஐதரசன் பரவொட்சைட்டு ஊற்றி ஒட்சியேற்றுவார்கள். 50, 60 பாகையில் உலர்வாகவும் ஈரத்தோடும் நாட்கணக்கில் வைப்பார்கள். ஒளியில் வாட்டுவார்கள். ஒளிச் சோதனைக்குச் சர்வதேச விதி 1996இல் வகுக்கப்பட்டது. கட்புலனாகும் ஒளி குறைந்தது 12 இலட்சம் லக்ஸ் மணி, அதோடு புறஊதாக்கதிர் சதுர மீற்றருக்கு 200 வாற் மணி. இவற்றைத் தாங்கினால்தான் அந்த மருந்தைச் சாதாரண வெளிச்சத்தில் வைக்கலாம் என்பார்கள். தாங்காவிட்டால் மண்ணிறப் போத்தல் அல்லது அலுமினியத் தகடு. நிபெடிபின் குளிசை ஒளி புகாத உறையில் வருவதன் காரணம் இதுதான்.

சிதைத்த கரைசலை எச்.பி.எல்.சி. என்ற கருவிக்குள் செலுத்துவார்கள். நுண்துகள் அடைத்த ஓர் உருக்குக் குழாய், அதனூடாக உயர் அமுக்கத்தில் ஓடும் கரைப்பான். துகளோடு ஒட்டும் மூலக்கூறு பிந்தி வரும், ஒட்டாதது முந்தி வரும். ஒவ்வொன்றும் வெளியேறும்போது திரையில் ஒரு முகடு எழும். கெடாத மருந்துக்கு ஒரே முகடு. கெட்டதற்கு அதன் இருபுறமும் சின்னச் சின்ன முகடுகள். இந்தச் சின்ன முகடுகளுக்காகத்தான் இவ்வளவு பாடும்.

இங்கே கணக்குச் சரிபார்ப்பு ஒன்று இருக்கிறது. இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி அது. நூறு பங்கு மருந்தில் 88 மிஞ்சியிருக்கிறது, புதிய முகடுகளைக் கூட்டினால் 7தான் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். மிச்ச 5 எங்கே? ஆவியாகிப் போயிருக்கலாம். அல்லது சிதைபொருள் அந்த அலைநீளத்தில் ஒளியை உறிஞ்சாததால் கருவிக்குத் தெரியாமல் போயிருக்கலாம். கணக்கு நூறுக்குச் சரியாக வந்தாலும் நிம்மதி இல்லை. மருந்தின் பெரிய முகட்டுக்கு அடியிலேயே ஒரு சிதைபொருள் பதுங்கியிருந்தால், கெட்டதையும் மருந்தென்று சேர்த்து எண்ணியிருப்போம். அதனால் அந்தப் பெரிய முகட்டின் தொடக்கம், உச்சி, முடிவு மூன்றிடத்திலும் நிறமாலை ஒன்றேயா என்று தனியாகப் பார்ப்பார்கள்.

எவ்வளவு தூரம் கெடுப்பது என்பதிலும் நிதானம் தேவை. 5 முதல் 20 வீதம் வரை சிதைந்தால் போதும் என்பது துறையில் பரவலாகக் கொள்ளும் அளவு. அதற்கு மேல் போனால் சிதைபொருளே மீண்டும் சிதைந்து, எந்த அலுமாரியிலும் எந்தக் காலத்திலும் உருவாகாத பொருட்களைத் துரத்த நேரிடும். சர்வதேச விதிகள் இந்தச் சோதனையைச் செய் என்றன. எத்தனை செறிவில், எத்தனை மணி நேரம் என்பதை விரிவாகச் சொல்லவில்லை. அந்த இடைவெளியை நிரப்பியவர்களில் இருவர் இந்தியர். பஞ்சாபின் மொஹாலியில் உள்ள தேசிய மருந்தியல் கல்வி ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்த சரண்ஜித் சிங்கும் மோனிகா பக்ஷியும் 2000ஆம் ஆண்டு ஒரு படிமுறையை வெளியிட்டார்கள். 0.1 நோர்மல் அமிலத்தில் 8 மணி நேரம் கொதிக்கவைத்துத் தொடங்கு. அசையவில்லையா, செறிவையும் நேரத்தையும் கூட்டு. அதிகமாக உடைந்துவிட்டதா, செறிவைக் குறை, சூட்டைக் குறை. மருந்துப் பகுப்பாய்வு கற்கும் மாணவர்கள் இன்றும் அந்த ஏணியைப் பார்த்துத்தான் சோதனையைத் திட்டமிடுகிறார்கள்.

வலிந்து சிதைத்தல், மருந்து எந்த வழியில் உடையும் என்பதைக் காட்டும். எத்தனை காலம் தாங்கும் என்பதற்கு வேறு கணக்கு வேண்டும். அதன் வேர் 1889இல் சுவீடன் அறிஞர் ஸ்வாந்தே அரீனியஸ் எழுதிய சமன்பாட்டில் இருக்கிறது. வெப்பநிலை ஏற ஏறத் தாக்கவீதம் அடுக்குக்குறி முறையில் ஏறும். மருந்துகளுக்கு வழமையாக எடுக்கும் ஏவற்சக்தி மோலுக்கு ஏறத்தாழ 83 கிலோயூல். அதை வைத்துப் போட்டுப் பார்த்தால், 30 பாகையில் இருக்கும் குளிசையை 35 பாகைக்குக் கொண்டுபோவதால் மட்டும் அது உடையும் வேகம் சுமார் 1.7 மடங்காகிறது.

இன்னொன்றும் உண்டு. சூடான பகல் செய்யும் சேதத்தைக் குளிர்ந்த இரவு ஈடுசெய்வதில்லை. பாதி நாள் 28 பாகை, பாதி நாள் 38 பாகை என்றால் சராசரி 33. மருந்துக்கு அது 33 அல்ல, 34.2 பாகையில் இடைவிடாமல் இருந்ததற்குச் சமன். இந்த வகைக் கணக்கை 1971இல் ஹேய்ன்ஸ் என்பவர் முன்வைத்தார். இன்று உலகமெங்கும் மருந்துக் களஞ்சியங்களில் பயன்படுவது அதுவே.

அதே எழுபதுகளில் உலகத்தைக் காலநிலை வலயங்களாகப் பிரிக்கும் யோசனையும் எழுந்தது. மிதமான நாடுகளுக்கு 25 பாகையும் 60 வீத ஈரப்பதனும். வெப்பமும் ஈரமும் உள்ள நாடுகள் எல்லாம் நாலாம் வலயம். அந்த நாலாம் வலயத்துக்கு ஈரப்பதன் எத்தனை வீதம் என்பதில்தான் சண்டை வந்தது. அமெரிக்கா, ஐரோப்பா, ஜப்பான் மூன்றும் கூடி விதி வகுத்த அமைப்பு 2003இல் 30 பாகை, 65 வீதம் என்றது. தென்கிழக்காசிய நாடுகள் அதை ஏற்கவில்லை. தங்கள் ஊர்க் காற்று 65இல் நிற்பதில்லை என்று சொல்லி, 75 வீதத்தைத் தங்கள் விதியாக்கின. 2005இல் உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு நாலாம் வலயத்தை இரண்டாகப் பிரித்தது. மிக ஈரமான நாடுகளுக்கு 30 பாகை, 75 வீதம். அடுத்த ஆண்டு பழைய விதி மீளப்பெறப்பட்டது. ஈரத்தில் வாழ்கிறவர்கள் வற்புறுத்தியிராவிட்டால், உலர்ந்த நாட்டுக் களஞ்சியத்துக்கு அளந்த திகதியை நாம் நம்பிக்கொண்டிருந்திருப்போம்.

அந்த 75 வீதம் கடலோரத்து மக்களுக்குக் கண்ணால் காணக்கூடிய அளவு. தூய சோடியம் குளோரைட்டு, காற்றின் ஈரப்பதன் ஏறத்தாழ 75 வீதத்தைத் தாண்டும்போதுதான் நீரை உறிஞ்சிக் கசியத் தொடங்கும். மகனீசிய உப்புக்கள் கலந்த, சுத்திகரிக்காத கடலுப்பு அதற்கு முன்பே கசிந்துவிடும். மாரி நாட்களில் நல்ல தூள் உப்பும் போத்தலின் அடியில் ஈரமாகிக் கட்டிபட்டால், அந்தக் குசினியின் காற்று மருந்துக் கம்பனியின் சோதனை அறையைக் கடந்துவிட்டது என்று கொள்ளலாம். சோதனை அறையில் மருந்து மூடிய பொதிக்குள் இருந்தது. குசினியில் அது கடதாசி உறைக்குள் இருக்கிறது.

தமிழர் மருத்துவ வரலாற்றில் இந்தச் சிக்கல் வீட்டுக்குள் வந்த தருணம் ஒன்று உண்டு. சென்னை சேத்துப்பட்டில் 1956இல் காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் ஒன்று தொடங்கியது. இன்றைய தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் அதன் தொடர்ச்சி. காசநோயாளரைச் சானடோரியத்தில் வைத்துப் பார்க்கத்தான் வேண்டுமா, வீட்டிலேயே மருந்து கொடுத்தால் போதாதா என்பது அதன் முதல் கேள்வி. 1959இல் வந்த விடை உலகின் காசநோய்ச் சிகிச்சையையே மாற்றியது. நெரிசலான, வறிய வீடுகளில் ஐசோனியாசிட்டும் பாஸ் என்ற பரா அமினோ சலிசிலிக் அமிலமும் ஓராண்டு உட்கொண்டவர்கள், சானடோரியத்தில் இருந்தவர்களுக்குச் சமமாகக் குணமடைந்தார்கள். மனித குலத்துக்குச் சென்னை தந்த பெரிய கொடைகளில் அதையும் ஒன்றாக நான் எண்ணுகிறேன். மருந்து வைத்தியசாலை அலுமாரியை விட்டு வெயில் வீட்டுக்கு வந்ததும் அப்போதுதான். பாஸ் சூட்டிலும் ஈரத்திலும் காபனீரொட்சைட்டை இழந்து மெற்றா அமினோபீனோலாக மாறும் மருந்து. கெடக் கெட மண்ணிறமாகும்.

பிறகு ரிபாம்பிசின் வந்தது. செங்கல் நிறப் பொடி, குடித்தவரின் சிறுநீரையும் செம்மஞ்சளாக்கும். அதன் வருகையால் சிகிச்சைக் காலம் குறைந்தது. ஒரு நாளைக்குக் கை நிறையக் குளிசை என்பதைத் தவிர்க்க ரிபாம்பிசின், ஐசோனியாசிட், பைரசினமைட், எதம்பியூட்டோல் நான்கையும் ஒரே குளிசைக்குள் சேர்த்தார்கள். நோயாளிக்கு அது பெரிய ஆறுதல். இரசாயனத்துக்குத் தலையிடி. அமில ஊடகத்தில் ரிபாம்பிசின் உடைந்து 3-போமைல் ரிபாமைசின் ஆகிறது. அந்தப் பொருளை ஐசோனியாசிட் பிடித்துக்கொண்டு ஐதரசோன் என்ற புதுச் சேர்மமாகிறது. இரண்டு மருந்தும் ஒன்றையொன்று விழுங்கிக்கொள்வதுபோல. இரைப்பையின் அமிலத்தில் இது நடக்கும். குளிசைக்குள்ளேயும் நடக்குமா?

மொஹாலிக் குழு நான்கு மருந்தும் சேர்ந்த குளிசைகளை 40 பாகை, 75 வீத ஈரத்தில் வைத்துப் பார்த்து 2004இல் முடிவுகளை வெளியிட்டது. பொதி ஈரத்தைத் தடுத்தவரை குளிசை தாங்கியது. பொதியின்றித் திறந்து வைத்தபோது நிலைமை வேறு. எதம்பியூட்டோல் ஈரத்தை இழுத்தது. அந்த ஈரத்தில் மற்றவை ஒன்றையொன்று அணுகின. ரிபாம்பிசினுக்கும் ஐசோனியாசிட்டுக்கும் இடையிலான தாக்கம் குளிசைக்குள்ளேயே நடந்தது. நாலு மருந்துக் குளிசையைத் தகட்டிலிருந்து பிரித்து உறையில் போடக் கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான காரணம் வேண்டாம். குறைந்த ரிபாம்பிசின் காசநோய்க் கிருமிக்கு மருந்தை எதிர்க்கப் பழகும் வாய்ப்பைக் கொடுக்கும்.

இதுவரை சொன்னது பலம் குறையும் கதை. பலம் குறைவதோடு நஞ்சும் பிறக்கும் மருந்துகள் உண்டு. 1963இல் அமெரிக்காவில், பழைய டெட்ராசைக்கிளின் குடித்தவர்களுக்குச் சிறுநீரகம் குளுக்கோசையும் அமினோ அமிலங்களையும் வடியவிடும் பன்கோனி நோய்க்குறி வந்ததை மருத்துவர்கள் பதிவு செய்தார்கள். சூட்டிலும் ஈரத்திலும் டெட்ராசைக்கிளின் நீரை இழந்து, உருவம் திரும்பி, எப்பி-அன்ஹைட்ரோ டெட்ராசைக்கிளின் என்ற பொருளாகியிருந்தது. கப்சியூலுக்குள் துணைப்பொருளாகப் போட்ட சிட்ரிக் அமிலம் அதை விரைவுபடுத்தியது. சிட்ரிக் அமிலத்தை நீக்கிய பிறகு சிக்கல் தணிந்தது.

ரனிட்டிடின் கதை நம் காலத்தது. 1981இல் சந்தைக்கு வந்து, வயிற்றெரிவுக்குக் கோடிக்கணக்கானோர் போட்ட குளிசை. 2019இல் அதில் என்டிஎம்ஏ என்ற, புற்றுநோயை உண்டாக்கக்கூடிய பொருள் கண்டுபிடிக்கப்பட்டது. வெளியிலிருந்து வந்த அழுக்கு என்றுதான் முதலில் தேடினார்கள். ரனிட்டிடின் மூலக்கூறின் ஒரு முனையில் டைமெதைலமீன் கூட்டம், மறு முனையில் நைத்ரோக் கூட்டம். என்டிஎம்ஏக்கு வேண்டிய இரண்டும் அதற்குள்ளேயே இருந்தன. சூட்டில் வைத்தால் அளவு ஏறியது. 2020 ஏப்ரில் 1 அன்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் எல்லா ரனிட்டிடினையும் சந்தையிலிருந்து எடுக்கச் சொன்னது. நாளொன்றுக்கு ஏற்கத்தக்க என்டிஎம்ஏ 96 நனோகிராம். 150 மில்லிகிராம் குளிசையில் அது ஏறத்தாழ 15 இலட்சத்தில் ஒரு பங்கு. வழமையான எச்.பி.எல்.சி. சோதனையில் அவ்வளவு சின்ன முகடு எழவே எழாது. முப்பத்தெட்டு ஆண்டுகள் அது தெரியாமல் இருந்ததன் காரணம் இதுவே. எதைத் தேடுகிறோம் என்று தெரிந்தால்தான் அதற்கேற்ற கருவியை எடுக்க முடியும். அதைச் சொல்லித்தர வேண்டியது வலிந்து சிதைக்கும் சோதனைதான்.

பயமுறுத்துவதற்காக இவற்றைச் சொல்லவில்லை. உறை பழசு என்று பிறசர்க் குளிசையை யாரும் நிறுத்திவிடக் கூடாது. நிறுத்துவதால் வரும் கேடு, சற்றுப் பலம் குறைந்த குளிசையால் வருவதைவிடப் பன்மடங்கு பெரிது. சந்தேகம் இருந்தால் கிளினிக்கில் காட்டி மாற்றிக்கொள்ளலாம்.

சோதனை நல்ல செய்தியும் தரும். 2022 மார்ச் கடைசியில் இந்த நாட்டில் ஒரு நாளைக்கு 13 மணி நேர மின்வெட்டு வந்தபோது, குளிர்சாதனப் பெட்டியில் இன்சுலின் வைத்திருந்த குடும்பங்கள் பட்ட கலக்கம் கொஞ்சமல்ல. அதற்கு ஓராண்டு முன்பே, 2021 பெப்ரவரியில், ‘எல்லைகளற்ற மருத்துவர்கள்’ அமைப்பும் ஜெனீவாப் பல்கலைக்கழகமும் ஓர் ஆய்வை வெளியிட்டிருந்தன. கென்யாவின் டகஹலே அகதி முகாமில் வீடுகளுக்குள் வெப்பநிலை 25க்கும் 37க்கும் இடையில் ஏறி இறங்குவதை அளந்தார்கள். அதே ஏற்ற இறக்கத்தை ஆய்வுகூடத்தில் உண்டாக்கி, இன்சுலினை நாலு வாரம் அதில் வைத்தார்கள். குளிரில் வைத்த இன்சுலினுக்கும் அதற்கும் பலத்தில் வேறுபாடு தெரியவில்லை. திறந்து பயன்பாட்டில் இருக்கும் போத்தலுக்கு, நாலு வாரத்துக்கு, அந்த வெப்ப எல்லைக்குள் செல்லும் முடிவு அது. மாதக்கணக்கில் சேமிப்பதற்கும் வெயிலில் வைப்பதற்கும் செல்லாது. உறைநிலைப் பெட்டியில் வைத்து இன்சுலினைக் கட்டியாக்குவது எல்லாவற்றிலும் மோசம். இந்த ஆய்வில் என்னைக் கவர்ந்தது அதன் நேர்மை. புத்தக வெப்பநிலையை எடுக்காமல், நோயாளி வாழும் கூரைக்குக் கீழே போய் அளந்தார்கள்.

சாம்பல்தீவுக்கு வடக்கே, நிலாவெளி வீதியிலேயே, கோணேசபுரியில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகம் இருக்கிறது. அங்கே சித்த மருத்துவம் பயிலும் மாணவர்களுக்கு மருந்தின் ஆயுள் என்பது புதிய எண்ணமல்ல. சித்த மருத்துவம் மருந்துகளை அக மருந்து 32, புற மருந்து 32 எனப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் காலம் வைத்திருக்கிறது. சாறு, குடிநீர், கற்கம் ஆகியவற்றுக்கு ஒரு சாமம், அதாவது மூன்று மணி நேரம். சூரணம் மூன்று மாதம். நெய்யும் இளகமும் ஆறு மாதம். எண்ணெயும் மாத்திரையும் ஓராண்டு. செந்தூரம் 75 ஆண்டு, பற்பம் 100, சுண்ணம் 500.

இந்தப் பட்டியலை ஓர் இரசாயனவியலாளர் பார்த்தால் உடனே ஓர் ஒழுங்கு தென்படும். நீர் உள்ளது முதலில் கெடுகிறது. பொடி, பரப்பு அதிகம் என்பதால் ஈரத்துக்கு இடம் கொடுக்கிறது. எண்ணெய் ஒட்சியேறிச் சிக்கெடுக்கிறது. புடமிட்ட கனிமத்தில் எரியவோ நீர்ப்பகுக்கவோ சேதனப் பொருள் மிஞ்சவில்லை. பல தலைமுறைகள் கண்ணாலும் நாக்காலும் பார்த்துத் தேறிய வரிசை இது; மதிப்புக்குரியது. ஆனால் சுண்ணம்கூடக் காற்றிலுள்ள காபனீரொட்சைட்டை ஏற்று மெல்ல மாறத்தான் செய்யும். நூறு ஆண்டு மாறாமல் இருக்கும் பற்பம் உடலுக்குப் பாதுகாப்பானதா என்பது வேறு கேள்வி; அதற்குப் பார உலோகச் சோதனை தனியாக வேண்டும்.

வேறொரு கடலோர வெப்ப நகரத்தில் உறைக் கேள்வியை நேராகவே கேட்டிருக்கிறார்கள். ஆஸ்திரேலியாவின் டவுன்ஸ்வில்லில் உள்ள ஜேம்ஸ் குக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், வலிப்புக்குக் கொடுக்கும் சோடியம் வால்புரோவேற்றுக் குளிசையை உற்பத்திப் பொதியிலிருந்து பிரித்து வாராந்த மருந்துப் பெட்டிகளில் போட்டு ஆராய்ந்தார்கள். அது ஈரத்தை ஆவலோடு இழுக்கும் மருந்து. வெப்ப ஈரச் சூழலில் பொதி இழந்த குளிசையின் தரம் தாழ்ந்தது. வால்புரோவேற்று இங்கேயும் கிளினிக்குகளில் மாதக்கணக்குக்குக் கொடுக்கப்படுகிறது.

கடதாசி உறையைக் குறைசொல்வது எளிது. அந்த உறைக்குப் பின்னால் இலவச மருத்துவம் என்ற பெரிய ஏற்பாடு நிற்கிறது. பேராசிரியர் சேனக பிபிலேயின் முயற்சியால் 1971இல் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் உருவாகி, மருந்துகளை வணிகப் பெயரில் அல்லாமல் பொதுப் பெயரில், மொத்தமாக, மலிவாக வாங்கும் வழி திறந்தது. பெரிய கொள்கலனில் வாங்குவதும் உறையில் எண்ணிக் கொடுப்பதும் அந்தச் சிக்கனத்தின் நீட்சி. அதை விட்டுவிடச் சொல்ல எனக்கு மனமில்லை. எல்லா மருந்தையும் தகட்டில் வாங்கத் தேவையும் இல்லை. பரசிற்றமோல் உறையில் நன்றாகத் தாங்கும். ஈரத்தை இழுப்பவை எவை, வெளிச்சத்துக்கு ஆகாதவை எவை என்று தெரிந்தால் அந்தச் சிலவற்றை மட்டும் தகட்டிலோ காற்றுப் புகாத சிறு போத்தலிலோ கொடுக்கலாம்.

தெரிந்துகொள்ளப் பெரிய செலவு ஆகாது. அஸ்பிரின், வால்புரோவேற்று, நிபெடிபின், மெற்போமின், தைரொக்சின் என்று ஐந்து மருந்தை எடுக்கலாம். மெற்போமின் தாங்கும் என்று எதிர்பார்க்கலாம்; ஒப்பிட அப்படி ஒன்றும் வேண்டும். ஒவ்வொன்றையும் கிளினிக் உறையிலும் உற்பத்திப் பொதியிலுமாகச் சாம்பல்தீவின் பத்து வீடுகளில், குசினியிலும் படுக்கையறையிலும், வெப்பமும் ஈரமும் பதியும் சிறு கருவியோடு வைக்கலாம். சோளகத்தில் எட்டு வாரம், மாரியில் எட்டு வாரம். ஒவ்வொரு இரண்டு வாரமும் சில குளிசைகளை எடுத்து நிறுத்து, கரையும் வேகம் பார்த்து, எச்.பி.எல்.சி.யில் போட வேண்டும். அந்தக் கருவி இல்லாத பாடசாலையும் ஒரு பகுதியைச் செய்யலாம். இறுக மூடும் வாளியின் அடியில் உப்பை நிறையக் கரைத்து, கரையாத உப்பும் மிதமிஞ்சிக் கிடக்கும்படி விட்டால், உள்ளே ஈரப்பதன் 75 வீதத்தில் தானாகவே நிற்கும். அதற்கு மேல் ஒரு தட்டில் அஸ்பிரின் குளிசைகளைப் பரப்பி, வாரம் ஒன்றாக எடுத்து எடை பார்த்து, பெரிக் குளோரைட்டு விட்டு, ஊதா எந்த வாரத்தில் எழுகிறது என்று குறித்தால் உயர்தர வகுப்புக்கு அது ஒரு முழுத் தவணை வேலை.